மார்சலேஷன் என்றால் திசுத் துண்டாக்கம்

கர்ப்பப்பையில் இருக்கும் ஃபைப்ராய்டை, அதாவது நார்த்திசுக் கட்டியை, லேப்ராஸ்கோப்பி மூலம், அதாவது வயிற்றில் சிறு துளை போட்டு, எடுக்கப் போகிறவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய சொல் மார்சலேஷன். பிரெஞ்சில் 'மோர்சலே' என்றால் துண்டு துண்டாகப் பிரிப்பது. அதற்கும் பின்னால் போனால் லத்தீனில் கடியைக் குறிக்கும் 'மோர்சுஸ்' வருகிறது. தமிழில் 'கூறாக்கம்' எனலாம்தான், ஆனால் காதில் உடற்கூறாய்வு விழுகிறது. 'சிதைத்தல்' என்றாலோ கட்டியை உள்ளேயே அழித்துவிடுவார்கள் போலிருக்கிறது என்று தோன்றும். திசுத் துண்டாக்கம் என்பதே சரி என்பேன், அதைச் செய்யும் கருவிக்கு மின் துண்டாக்கி.

வயிற்றில் போடும் துளை சின்னது, கட்டி பெரிது. அதனால் சுழலும் கத்தியுள்ள கருவியை உள்ளே விட்டு, கட்டியைச் சீவிச் சீவி வெளியே எடுப்பார்கள். வலி குறைவு, சீக்கிரம் எழுந்து நடமாடலாம், இதெல்லாம் உண்மையான நன்மைகள்தான்.

ஆனால் நார்த்திசுக் கட்டி என்று நினைத்தது அபூர்வமாக சார்கோமா என்ற புற்றுநோயாக இருந்துவிடுகிறது. ஸ்கேனில் இரண்டையும் பிரித்துச் சொல்வது கடினம், கர்ப்பப்பையின் உள்படலத்திலிருந்து எடுக்கும் பயாப்சியும் தசைச்சுவருக்குள் இருப்பதைத் தவறவிடலாம், கட்டியை எடுத்துச் சோதித்த பிறகுதான் உறுதியாகத் தெரியும். அதற்குள் கத்தி அதைச் சீவியிருந்தால் துணுக்குகள் வயிற்றுக்குள் சிதறி, கர்ப்பப்பையோடு நின்றிருந்த நோய் வெளியே பரவி, பிழைக்கும் வாய்ப்பே குறைந்துவிடும்.

2014 ஏப்ரலில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் இதை வெளிப்படையாக எச்சரித்தது. ஃபைப்ராய்டுக்காக அறுவை செய்துகொள்ளும் பெண்களில் சுமார் 350 பேரில் ஒருவருக்கு இப்படி மறைந்த சார்கோமா இருக்கலாம் என்பது அவர்கள் கணக்கு. அது மிகை என்று வாதிட்ட மருத்துவர்கள் உண்டு. எண் குறைந்தாலும், அந்த ஒருவருக்கு நேரும் கேடு குறைவதில்லை. அதே ஆண்டு நவம்பரில் நிர்வாகத்தினர் கருவியின் விவரக்குறிப்பில் கட்டமிட்ட எச்சரிக்கை வேண்டும் என்றார்கள். 2020இல், கட்டியை ஒரு பைக்குள் அடக்கி வைத்துத்தான் துண்டாக்க வேண்டும் என்று பரிந்துரைத்தார்கள். பையும் ஆபத்தை முழுக்க நீக்கிவிடாது. வயது ஏற ஏற சார்கோமா வாய்ப்பும் கூடுவதால், மாதவிடாய் நின்றவர்களுக்கும் 50 வயதைத் தாண்டியவர்களுக்கும் மின் துண்டாக்கி வேண்டாம் என்பது அவர்கள் நிலை.

சரி, கையெழுத்துப் போடும் முன் டாக்டரிடம் என்ன கேட்பது? "கட்டியை முழுதாக எடுப்பீர்களா, துண்டாக்கியா? துண்டாக்கினால் பைக்குள் வைத்துத்தானே?" யோனி வழியாகவோ சற்றுப் பெரிய கீறல் வழியாகவோ முழுதாக எடுக்க முடியுமா என்பதையும் சேர்த்தே கேளுங்கள், பலருக்கு அது முடியும்.