சின்னக் காருக்கு சிந்தெடிக் ஆயிலா? கேனின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள்

காரை சர்வீஸுக்கு விட வருகிறவர்கள் ஆயிலைப் பற்றி என்னிடம் கேட்பது பெரும்பாலும் இரண்டே கேள்விகள். ஃபுல் சிந்தெடிக் போட்டுவிடலாமா என்பது ஒன்று. எந்தக் கம்பெனி ஆயில் நல்லது என்பது இன்னொன்று. இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்த பிறகும் தவறான ஆயிலை ஊற்றிவிட முடியும். முதலில் கேட்க வேண்டியது, இந்த இன்ஜினுக்கு என்ன கிரேடு, என்ன தரக் குறியீடு சொல்லியிருக்கிறார்கள் என்பதைத்தான். காரோடு வந்த கையேட்டில் அது இருக்கிறது. கேனின் முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் இருப்பது விளம்பரம். நமக்கு வேண்டியது பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும்.

சிந்தெடிக் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். இன்ஜின் ஆயிலில் பெரும்பகுதி அடிப்படை எண்ணெய், மீதி ரசாயனச் சேர்க்கைகள். அமெரிக்கன் பெட்ரோலியம் இன்ஸ்டிடியூட், அதாவது ஏபிஐ, அடிப்படை எண்ணெய்களை ஐந்து பிரிவாக வகுத்திருக்கிறது. முதல் மூன்றும் பெரும்பாலும் கச்சா எண்ணெயிலிருந்து எடுப்பவை. நான்காவது, பிஏஓ எனப்படும், ஆலையில் மூலக்கூறுகளைக் கோத்து உருவாக்கும் எண்ணெய்; சிந்தெடிக் என்று முதலில் சொன்னது இப்படிப்பட்டவற்றைத்தான். எஸ்டர் போன்ற மற்றவை ஐந்தாவதில் வரும். மூன்றாம் பிரிவு எண்ணெயை ஹைட்ரஜனைக் கொண்டு மிகக் கடுமையாகப் பதப்படுத்துகிறார்கள். அதையும் சிந்தெடிக் என்று சொல்லி விற்கலாம் என்று 1999-இல் அமெரிக்காவில் ஒரு விளம்பரத் தகராறில் முடிவானது. இன்று ஃபுல் சிந்தெடிக் என்று கிடைப்பவற்றில் பல இந்த வகைதான். இதில் குறை சொல்ல எதுவும் இல்லை. குளிரில் நன்றாக ஓடும், சூட்டில் சீக்கிரம் கெடாது, குறைவாக ஆவியாகும். ஆனால் இரண்டு கேன்களில் சிந்தெடிக் என்று போட்டிருப்பதால் உள்ளே இருப்பதும் ஒன்றுதான் என்று நினைத்துவிடக் கூடாது. சாதாரண எண்ணெயோடு சிந்தெடிக்கைக் கலந்த செமி சிந்தெடிக்கில் சிந்தெடிக் எத்தனை சதவீதம் என்பதற்குப் பொதுவான வரையறையே கிடையாது.

சரி, கிரேடுக்கு வருவோம். நான் பார்க்கும் தவறுகளில் அதிகமும் இங்கேதான் நடக்கின்றன. 5டபிள்யூ-30 என்று இருந்தால், முன்னால் உள்ள எண் குளிரில் ஆயில் எப்படி ஓடும் என்பதைச் சொல்கிறது. 0டபிள்யூ என்றால் மைனஸ் 35 டிகிரி செல்சியஸிலும், 5டபிள்யூ என்றால் மைனஸ் 30-லும் இன்ஜினைச் சுழற்ற விடும் அளவுக்கு இளக்கமாக இருக்க வேண்டும். பின்னால் உள்ள எண், இன்ஜின் சூடான பிறகு ஆயில் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதற்கு. அதை 100 டிகிரியில் அளக்கிறார்கள். அதோடு 150 டிகிரியில், பேரிங்குக்குள் நசுங்கும் நிலையில் எவ்வளவு தாங்குகிறது என்றும் பார்க்கிறார்கள். அந்தச் சோதனையில் 20 கிரேடுக்குக் குறைந்தபட்சம் 2.6, 30 கிரேடுக்கு 2.9, 5டபிள்யூ-40 போன்ற 40 கிரேடுக்கு 3.5 மில்லிபாஸ்கல் விநாடி (கெட்டித்தன்மையை அளக்கும் அலகு) இருக்க வேண்டும்.

எங்கள் ஊர் உறைபனி ஊர் இல்லையே, முன்னால் உள்ள எண் எனக்கெதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் காலையில் ஸ்டார்ட் செய்யும்போது எந்த ஊரிலும் இன்ஜின் 100 டிகிரியில் இருப்பதில்லை. சாதாரண 5டபிள்யூ-30 ஆயிலே 40 டிகிரியில், 100 டிகிரியில் இருப்பதைவிட ஐந்தாறு மடங்கு கெட்டி. ஆக, ஸ்டார்ட் செய்த நேரத்தில் நம் கவலை ஆயில் நீர்த்திருக்கிறது என்பதாக இருக்க வேண்டியதில்லை. மேலே வால்வு வரைக்கும் சீக்கிரம் போய்ச் சேருமா என்பதுதான் கவலை.

இது தெரியாமல்தான், "கெட்டி ஆயிலா ஊத்துங்க சார், இன்ஜின் நிறைய நாள் உழைக்கும்" என்கிறார்கள். இன்றைய சின்ன இன்ஜின்கள் பலவற்றுக்கு 0டபிள்யூ-20, சிலவற்றுக்கு 0டபிள்யூ-16 கூடச் சொல்லியிருக்கிறார்கள். ஆயில் பம்ப், பேரிங் இடைவெளி, ஆயில் போகும் துளைகள் எல்லாம் அந்தக் கிரேடை மனதில் வைத்துச் செய்தவை. வால்வு திறக்கும் நேரத்தை முன்பின் நகர்த்தும் அமைப்பு பல கார்களில் ஆயில் அழுத்தத்தால்தான் இயங்குகிறது. அதில் தேவைக்கு மேல் கெட்டியான ஆயிலை ஊற்றினால் அந்த அமைப்பு மந்தமாகும். ஆயிலைத் தள்ளவே இன்ஜின் கூடுதல் சக்தியைச் செலவிடும், மைலேஜ் குறையும். எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. 10டபிள்யூ-40 கேட்கும் பழைய இன்ஜினில், புதுசு என்பதற்காக 0டபிள்யூ-20 ஊற்றினால் சூட்டில் பேரிங்குக்கு வேண்டிய ஆயில் படலம் நிற்காது. சில கையேடுகளில் வெளி வெப்பநிலைக்கு ஏற்ப இரண்டு மூன்று கிரேடுகள் கொடுத்திருப்பார்கள். வண்டி பழசாகி ஆயில் குடிக்க ஆரம்பித்தால் அந்தப் பட்டியலுக்குள் இருக்கும் கெட்டியான கிரேடுக்குப் போகலாம். பட்டியலைத் தாண்ட வேண்டாம்.

கிரேடு சரியாக இருந்தாலும் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. ஒரே 5டபிள்யூ-30-இல் ஒன்றுக்கொன்று ஒத்துவராத ஆயில்கள் இருக்கின்றன. அவற்றைப் பிரித்துக் காட்டுவது தரக் குறியீடு. பெட்ரோல் கார் என்றால் ஏபிஐ எஸ்என், எஸ்பி என்று பார்த்திருப்பீர்கள். எஸ்என் 2010-இல் வந்தது, எஸ்பி 2020 மே மாதம், அதற்கடுத்த எஸ்க்யூ 2025-இல். பெட்ரோல் இன்ஜின்களுக்கான இந்த வரிசையில் புதியது பழையதற்கும் பொருந்தும். எஸ்என் கேட்கும் காருக்கு எஸ்பி ஊற்றலாம். மாற்றிச் செய்யக் கூடாது.

ஏன் கூடாது என்பதை டர்போ பெட்ரோல் கார் வைத்திருப்பவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். சிலிண்டருக்குள் நேரடியாகப் பெட்ரோலைப் பீய்ச்சும் சின்ன டர்போ இன்ஜின்களில், குறைந்த வேகச் சுழற்சியில் ஆக்சிலரேட்டரை அழுத்தி மிதிக்கும்போது, ஸ்பார்க் பிளக் பொறி தட்டும் முன்பே கலவை தீப்பிடிப்பதுண்டு. பிஸ்டனையே உடைக்கும் அளவுக்கு அடி விழும். ஆயில் துளிகளுக்கும் ஆயிலில் உள்ள கால்சியம் சேர்க்கைக்கும் இதில் பங்கு இருப்பது தெரிந்தபின், சேர்க்கைகளின் கலவையை மாற்றினார்கள். எஸ்பி தரத்துக்கு இதற்கென்றே தனிச் சோதனை இருக்கிறது, வால்வுகளைச் சரியான நேரத்தில் இயக்க உதவும் டைமிங் செயினின் தேய்மானத்துக்கும் இருக்கிறது. பழைய தரத்து ஆயில் எவ்வளவு சிந்தெடிக்காக இருந்தாலும் இந்தச் சோதனைகளைத் தாண்டியதாக ஆகாது.

ஐரோப்பியத் தரமான ஏசிஇஏ-வில் புதியது, பழையது என்ற கணக்கு உதவாது. அங்கே ஏ3/பி4 ஒரு வகை, சி2, சி3, சி5 வேறு வகை. சி வரிசை ஆயில்கள் எரிந்தால் ஏ3/பி4-ஐவிடக் குறைந்த சாம்பல் விடுபவை. புகைக்கரியைப் பிடிக்கும் ஃபில்டர் உள்ள டீசல் காருக்கு இதுதான் வேண்டும். அந்த ஃபில்டரில் சேரும் கரியை வண்டியே எரித்துத் தள்ளிவிடும். ஆயில் சாம்பல் எரியாது, தங்கிவிடும். கொஞ்சம் கொஞ்சமாக அடைத்து, கடைசியில் ஃபில்டரையே கழற்ற வைக்கும். அப்படி அடைத்து வரும் வண்டிகளில், ஆயில் நல்ல கம்பெனியாக, விலை உயர்ந்ததாக, ஆனால் ஏ3/பி4-ஆக இருப்பதைப் பார்க்கும்போது மனசு கஷ்டமாக இருக்கும். செலவைச் சுருக்க நினைத்துச் செய்த தவறுகூட இல்லை அது.

சில சின்ன இன்ஜின்களில் டைமிங் பெல்ட்டே ஆயிலில் நனைந்தபடி ஓடுகிறது. அவற்றில் தவறான ஆயில் ரப்பரை அரித்து, துணுக்குகள் ஆயில் உறிஞ்சும் வாயை அடைத்துவிடும். உங்கள் காரில் அந்த அமைப்பு இருந்தால், கார் தயாரிப்பாளர் கொடுத்திருக்கும் அங்கீகார எண் கேனில் அப்படியே இருக்கிறதா என்று எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். ‘அங்கீகாரம் பெற்றது’ என்று இருப்பதும், ‘இந்தத் தரத்துக்கு ஏற்றது’ என்று ஆயில் கம்பெனி தானே சொல்லிக்கொள்வதும் வேறு வேறு.

சிந்தெடிக் போட்டால் நிறைய நாள் மாற்ற வேண்டாம் என்ற நம்பிக்கை சின்னக் கார்களுக்குத்தான் அதிகம் கெடுதல் செய்கிறது. தினமும் மூன்று நான்கு கிலோமீட்டர் போய் நிறுத்தும் வண்டியில் ஆயில் முழுச் சூட்டுக்கு வருவதே இல்லை. எரியாத பெட்ரோலும் ஈரமும் ஆயிலில் சேர்ந்தபடி இருக்கும். அப்படி ஓடிய கார் ஒன்று வந்தபோது ஆயில் ஊற்றும் மூடியின் உட்புறம் வெண்ணெய் மாதிரி படிந்திருந்தது. ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கில் அளவு குறைவதற்குப் பதில் மேல் கோட்டைத் தாண்டியிருந்தது. முகர்ந்தால் பெட்ரோல் வாடை. "சார், இன்னும் பத்தாயிரம் கிலோமீட்டரே ஓடலையே, அதுவும் ஃபுல் சிந்தெடிக்" என்றார் உரிமையாளர். கிலோமீட்டர், மாதம் இரண்டில் எது முதலில் வருகிறதோ அதில் மாற்ற வேண்டும் என்று கையேட்டில் எழுதியிருப்பது இதற்காகத்தான். பெரும்பாலும் 12 மாதம் என்றிருக்கும், கடுமையான உபயோகத்துக்கு இன்னும் குறைவாக இருக்கும். குறுகிய ஓட்டம் கடுமையான உபயோகம்தான். ஆனால் ஆயில் கறுத்துப் போனதை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம். அழுக்கைத் தன்னில் இழுத்து வைத்துக்கொள்ளும் வேலையை அது செய்கிறது, அவ்வளவுதான். மாற்றும்போது ஆயில் ஃபில்டரையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள்.

அளவு விஷயத்தில் சின்னக் கார்களுக்குக் கூடுதல் கவனம் வேண்டும். பலவற்றில் மொத்தமே மூன்று, மூன்றரை லிட்டர்தான் பிடிக்கும். டிப்ஸ்டிக்கின் மேல் கோட்டுக்கும் கீழ்க் கோட்டுக்கும் நடுவே சுமார் ஒரு லிட்டர். கீழ்க் கோட்டுக்கு வந்துவிட்டால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது என்று அர்த்தம். மிச்சமிருப்பது எல்லாச் சூட்டையும் சுமக்க வேண்டும். நான்கு லிட்டர் கேன் வாங்கியாயிற்றே என்று முழுவதையும் கவிழ்ப்பதும் தப்பு. இன்ஜினின் அடியில் சுழலும் கிராங்க் ஷாஃப்ட் ஆயிலில் மோதி, மோர் கடைவதுபோல நுரைக்க வைத்துவிடும். நுரை ஏறிய ஆயிலால் பேரிங்கைக் காக்க முடியாது.

அப்புறம், பழைய காருக்கு சிந்தெடிக் போட்டால் கசியும் என்ற பயம். இன்றைய ஆயில்கள் ரப்பர் சீல்களோடு ஒத்துப்போகிறதா என்று சோதித்தே வருகின்றன. ஏற்கெனவே இறுகிப்போன சீல் இருந்தால், அதை மூடியிருந்த கசடு கரைந்து கசிவு வெளியே தெரியலாம். மாற்ற வேண்டியது சீலைத்தான். தனியாக விற்கும் சேர்க்கை பாட்டில்களை நான் யாருக்கும் சொல்வதில்லை. கலவையைச் சோதித்துத் தேறிய ஆயிலில் வேறொன்றை ஊற்றினால் அந்தச் சோதனைக்கு அர்த்தம் இல்லாமல் போகும். ஜாசோ எம்ஏ என்ற ஜப்பானியத் தரக் குறியீடு போட்ட பைக் ஆயிலும் காருக்கு வேண்டாம். அது ஆயிலில் நனையும் கிளட்ச் வழுக்காமல் இருக்கச் செய்தது.

வழியில் ஆயில் குறைந்து, உங்கள் ஆயில் கிடைக்காவிட்டால்? ஏபிஐ தரம் பெற்ற ஆயில்கள் ஒன்றோடொன்று கலக்கக்கூடியவை. அதே கிரேடு, அதே தரம் கிடைத்தால் வேறு கம்பெனியாக இருந்தாலும் ஊற்றலாம். கிட்டத்தட்ட ஒத்ததுதான் கிடைத்தது என்றாலும் கீழ்க் கோட்டுக்குக் கீழே ஓட்டுவதைவிட அரை லிட்டர் சேர்ப்பது மேல். ஊர் வந்ததும் மொத்தமாக மாற்றிக்கொள்ளலாம். ஆனால் ஓடும்போது சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தால், அது ஆயில் அழுத்தம் விழுந்துவிட்டது என்பதற்கான எச்சரிக்கை. அடுத்த பெட்ரோல் பங்க் வரைக்கும் போய்விடலாம் என்று பார்க்காதீர்கள். ஓரம் கட்டி இன்ஜினை உடனே அணைத்து, சில நிமிடம் விட்டு டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். அளவு சரியாக இருந்தும் விளக்கு அணையவில்லை என்றால் வண்டியை இழுத்துக்கொண்டுதான் வர வேண்டும்.