ஸ்லோகன்: சொல் விளக்கம்

ஊர்வலத்திலும் விளம்பரத்திலும் திரும்பத் திரும்ப ஒலிக்கும் ஸ்லோகன் வேறு, சுலோகம் வேறு. ஓசை ஒத்துப்போவதால் இரண்டும் ஒன்றாகிவிட்டன. இலங்கை நாளேடுகளில் ஆர்ப்பாட்டக்காரர்கள் ‘சுலோக அட்டை’தான் ஏந்துகிறார்கள். சுலோகம் வடமொழிச் செய்யுள். ஸ்லோகனோ ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியில் பிறந்தது. படையைக் குறிக்கும் சொல்லும் கூவலைக் குறிக்கும் சொல்லும் சேர்ந்து ‘படைக்கூவல்’ என்று பொருள்பட்டது. குலத்தின் பெயரையோ கூடவேண்டிய இடத்தையோ உரக்கச் சொல்லி ஆள் திரட்டுவார்கள்.

விளம்பரத்துக்கு வந்த பிறகும் வேலை அதேதான். யாரைத் திரட்டுகிறோம் என்பது மாறினால் கூவலும் மாறியாக வேண்டும். குளிர்பானங்களில் இது பளிச்சென்று தெரியும், ஏனென்றால் உள்ளே இருக்கும் சர்க்கரைத் தண்ணீர் பெரிதாக மாறுவதில்லை.

கோகா-கோலா 1886இல் அட்லாண்டாவில் பிறந்தபோது அங்கே மதுவிலக்குக் காற்று வீசிக்கொண்டிருந்தது. அதை உருவாக்கிய பெம்பர்ட்டன் அதற்கு முன் விற்றது ஒயின் கலந்த பானம். 1906இல் அந்த நிறுவனம் தன் சரக்கை ‘மாபெரும் தேசிய மதுவிலக்குப் பானம்’ என்றே விளம்பரப்படுத்தியது. 1929இல் அழைப்பு வேலை செய்து களைத்தவர்களுக்குப் போனது: புத்துணர்வு தரும் இடைநிறுத்தம். வியட்நாம் போர்க்காலமான 1971இல் பல நாட்டு இளைஞர்களை இத்தாலியக் குன்று ஒன்றில் நிறுத்தி உலக ஒற்றுமையைப் பாடவைத்தார்கள்.

பெப்சியின் கதையில் கூவலே காலில் சுற்றிய பாம்பானது. 1930களின் பொருளாதார மந்தத்தில் கோகா-கோலா புட்டி 6.5 அவுன்ஸ். பெப்சி அதே 5 சென்ட்டுக்கு 12 அவுன்ஸ், அதாவது சுமார் 355 மி.லி. கொடுத்து ‘அதே காசுக்கு இரண்டு மடங்கு’ என்று முழங்கியது. கையில் காசில்லாத காலத்தில் சக்கைப்போடு போட்ட வரி, போருக்குப் பின் வசதி வந்ததும் ‘மலிவுச் சரக்கு’ என்ற முத்திரையாகத் தங்கிவிட்டது. விருந்தாளி முன் வைக்கத் தயங்கும் பானத்தை விலையைச் சொல்லி மீட்க முடியாது. அதனால்தான் 1960களில் ‘பெப்சி தலைமுறை’ வந்தது: விலையை விட்டு, குடிப்பவரின் வயதைப் பேசியது.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘கோஷம்’ வடசொல், ஊர்வல வாடையும் அதிகம். ‘வாசகம்’ விளம்பரத்திலுள்ள எல்லா எழுத்துக்கும் பொருந்தும், அடியில் பொடி எழுத்தில் வரும் நிபந்தனை உட்பட. முரசும் இடியும் கடலும் முழங்கும். ஆகவே படைக்கூவலுக்கு ‘முழக்கம்’ கச்சிதம். வணிகத்துக்கு ‘விளம்பர முழக்கம்’ எனலாம். ஆனால் ஒரே ஒருமுறை வரும் வரிக்கு அந்தப் பெயர் வேண்டாம். திரும்பத் திரும்ப ஒலித்தால்தான் முழக்கம்.

மொழிபெயர்ப்பவர்கள் சறுக்குவது சொல்லுக்குச் சொல் வைக்கும்போது. 2000களின் தொடக்கத்தில் ஆமிர் கான் நடித்த இந்தி விளம்பரத்தின் ‘தண்டா மத்லப் கோகா-கோலா’, 200 மி.லி. புட்டியை 5 ரூபாய்க்கு விற்ற காலத்து முழக்கம். ‘தண்டா’ என்றால் குளிர்ச்சி; வட இந்தியக் கடையில் ‘தண்டா’ என்று கேட்டாலே ஏதாவதொரு குளிர்பானம் வரும். அந்தப் பொதுச்சொல்லைத் தன் பெயராக்கிக்கொண்டதே அந்த வரியின் சாமர்த்தியம். அதை ‘குளிர்ச்சி என்றால் கோகா-கோலா’ என்று எழுதினால் உயிர் போய்விடும். நம் பெட்டிக்கடையில் யாரும் ‘ஒரு குளிர்ச்சி கொடுங்க’ என்று கேட்பதில்லை. ‘ஒரு கலர் கொடுங்கண்ணே’ என்று கேட்டவர்கள் உண்டு, இப்போது ‘கூல்டிரிங்ஸ்’. தமிழ் முழக்கம் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.