ரெக்கேயும் டிஸ்கோவும் ஒட்டிக்கொள்ளும் இடம்

ஜமைக்காவின் ரெக்கே பாடகர் பாப் மார்லியின் 'குட் யூ பி லவ்ட்' (1980) பாட்டை ஹெட்ஃபோனில் போட்டு, கிக் டிரம்மை, அதாவது காலால் அடிக்கும் பெரிய டிரம்மை, மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தட்டிலும் விழுகிறது; நிமிடத்துக்கு ஏறத்தாழ 103 தட்டு. இது நடனக்கூட இசையான டிஸ்கோவின் கிக். ஆனாலும் பாட்டு முழுக்க முழுக்க ரெக்கேயாகவே ஒலிக்கிறது. காரணம், இரண்டு தட்டுகளுக்கு நடுவே இருக்கிறது.

'ஒண்ணு-உம், ரெண்டு-உம், மூணு-உம், நாலு-உம்' என்று எண்ணுங்கள். ரெக்கேயின் 'ஒன் டிராப்' தாளத்தில் ஒண்ணு காலி. கிக்கும், குச்சியால் அடிக்கும் ஸ்நேர் டிரம்மின் விளிம்புத் தட்டும் சேர்ந்து ரெண்டிலும் நாலிலும் இறங்கும். 'ஸ்காங்க்' எனப்படும் கிதார் வெட்டு ஒவ்வொரு 'உம்'மிலும் வரும். (இரட்டை வேகத்தில் எண்ணுகிறவர்கள் இதே கிக்கை மூன்றாம் தட்டு என்பார்கள்.) டிஸ்கோவில் கிக் நான்கு தட்டிலும் விழும், ஸ்நேர் ரெண்டிலும் நாலிலும், திறந்த ஹை-ஹாட் (காலால் திறந்து மூடும் ஜோடி சிம்பல்) ஒவ்வொரு 'உம்'மிலும். ஸ்நேருக்கு ஒரே இடம், 'உம்'முக்கும் ஒரே இடம். காலியாகக் கிடந்த ஒண்ணிலும் மூணிலும் கிக்கை வைத்தால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும்.

ஜமைக்கா டிரம்மர்கள் இதை வெகு சீக்கிரமே கண்டுகொண்டார்கள். பிலடெல்பியாவில் டிரம்மர் எர்ல் யங் டிஸ்கோவுக்கு வாசித்த திறந்த ஹை-ஹாட்டின் 'ட்ஸ்ஸ்' ஓசை, 1974-75 வாக்கில் கிங்ஸ்டனில் பன்னி லீ தயாரித்த பாடல்களில் கார்ல்டன் 'சான்டா' டேவிஸின் கையில் 'ஃப்ளையிங் சிம்பல்ஸ்' ஆனது. பிலடெல்பியா பாணி இசைக்குப் பேர்போன தி ஓ'ஜேஸ் குழு பாடிய 'நவ் தட் வி ஃபவுண்ட் லவ்' பாட்டை 1978இல் ஜமைக்காவின் தர்ட் வேர்ல்ட் குழு நடனக்கூடத்துக்காக மறுபடி பாடியபோது, ரெக்கேயும் டிஸ்கோவும் ஒரே பாட்டில் கைகோத்தன.

பஹாமாஸின் நாசோவில் இசைத் தயாரிப்பாளர் கிறிஸ் பிளாக்வெல் நிறுவிய காம்பஸ் பாயின்ட் ஸ்டூடியோவில்தான் இந்தக் கலவை முழு அழகை அடைந்தது. டிரம்மில் ஸ்லை டன்பார், பேஸ் கிதாரில் ராபி ஷேக்ஸ்பியர், கீபோர்டில் வாலி படாரு. பாடகி கிரேஸ் ஜோன்ஸின் 'புல் அப் டு த பம்பர்' (1981) இந்தக் கைகளிலிருந்து வந்தது. க்வென் கத்ரியின் 'பேட்லாக்' பாட்டையும் கேளுங்கள். அதை மிக்ஸ் செய்தவர் நியூயார்க்கின் பாரடைஸ் கராஜ் நடனக்கூடத்தில் டிஜேயாக இருந்த லாரி லெவன். பேஸ் எங்கே வாசிக்காமல் விடுகிறது என்பதைக் கவனித்தால் இந்த இசையின் பாதி ரகசியம் பிடிபடும்.

சொந்தமாகச் செய்து பார்ப்பவர்கள் பெரும்பாலும் சறுக்குவது அந்த இடத்தில்தான். கிக்கும் பேஸும் ஒரே நொடியில் அடித்தால் 50-80 ஹெர்ட்ஸ் என்ற தாழ்ந்த ஒலிப் பகுதியில் ஒன்றையொன்று அமுக்கும். ஸ்பீக்கரில் வெறும் கொழகொழப்புதான் மிஞ்சும். ஒண்ணில் கிக்கைத் தனியே விட்டு, அதற்கடுத்த 'உம்'மில் பேஸைத் தொடங்குங்கள்.

அடுத்தது ஸ்காங்க். நிமிடத்துக்கு 108 தட்டு வேகத்தில் ஒரு தட்டு 556 மில்லி விநாடி, அதில் கால் பங்கு 139. கிதார் வெட்டு அதற்குள் முடிந்துவிட வேண்டும்: நரம்பை அழுத்திய இடது கைவிரல்களை, அடித்த கணமே தளர்த்துங்கள். நீண்டால் ஹை-ஹாட்டை மூடிவிடும். 250 ஹெர்ட்ஸுக்குக் கீழே கிதாரை வெட்டிவிட்டால் பேஸுக்கு மூச்சு கிடைக்கும்.

இன்னொரு பழுது காதுக்கு உடனே தெரியாது. டிஸ்கோவின் ஹை-ஹாட் நேராக நடக்கும். ரெக்கேயின் ஆர்கன் பல நேரம் சற்றே ஊஞ்சலாடும், அதாவது இடையிலுள்ள சின்ன அடிகள் கொஞ்சம் தாமதித்து விழும். இரண்டையும் அப்படியே சேர்த்தால் சின்ன அடிகள் இரட்டையாக ஒலிக்கும். ஏதாவது ஒன்றின் நடையை மற்றதும் ஏற்க வேண்டும். 100க்கு மேல் நேர் நடையே நல்லது. அந்த வேகத்தில் ஊஞ்சல் அவசரமாகக் கேட்கும்.

கடைசியாக எக்கோ. 60,000ஐ வேகத்தால் வகுத்து முக்காலால் பெருக்குங்கள். 108க்கு 417 மில்லி விநாடி வரும். இந்த அளவில் எதிரொலி பெரும்பாலும் கிக்குகளுக்கு இடையிலுள்ள சந்துகளில் புகுந்து விளையாடும். அதே எக்கோவை முழுத் தட்டு நீளத்துக்கு வைத்தால், தட்டில் விழும் ஒலியின் ஒவ்வொரு எதிரொலியும் அடுத்தடுத்த கிக்கின் மேலேயே விழுந்து மறைந்துபோகும். ஃபீட்பேக், அதாவது எதிரொலி மறுபடி எக்கோவுக்குள் திரும்பும் அளவு, 40-50 சதவீதம் போதும். 100ஐத் தாண்டினால் ஒலி தானே பெருகி ஊளையிடும். ரெக்கேயின் கிளையான டப் இசையில் அதை வேண்டுமென்றே ஓரிரு நொடி விட்டு, சட்டென்று இறக்குவார்கள். அப்போதும் கிக் மட்டும் நிற்காமல் ஓட வேண்டும். அது நின்றால் ஆடுகிறவர்களின் காலும் நின்றுவிடும்.