படம் எடுத்த வீட்டுக்கு விலை ஏறாது

சென்ற மாதம் அம்பாசமுத்திரம் பக்கத்து ஊர் ஒன்றுக்கு வங்கிக் கடனுக்காக ஒரு வீட்டை மதிப்பிடப் போயிருந்தேன். திண்ணை, தார்சா, பட்டாசாலை என்கிற கூடம், நடுமுற்றம், பின்னால் அடுக்களை, தலைக்குமேல் தேக்குக் கட்டைகள் தாங்கும் மெட்ராஸ் டெரஸ் தளம் என்று நூறாண்டைக் கடந்த வீடு. நான் டேப்பை விரிப்பதற்குள் வீட்டுக்காரப் பெரியவர், "தம்பி, இங்க மூணு படமும் ஒரு சீரியலும் எடுத்திருக்காவ. அதையும் சேத்துப் போடுங்க" என்றார். இந்த ஆண்டில் இப்படி என்னிடம் கேட்ட ஐந்தாவது வீட்டுக்காரர் அவர். பொறுமை தீர்ந்ததால்தான் இதை எழுதுகிறேன்.

மதிப்பீட்டு அறிக்கையில் சினிமாவுக்கு என்று ஒரு கட்டம் கிடையாது. மனைக்கு, தெருவும் சர்வே எண்ணும் சொல்லும் அரசு வழிகாட்டி மதிப்பையும் அக்கம்பக்கத்தில் உண்மையில் நடந்த கிரயங்களையும் பார்ப்போம். கட்டடத்துக்கு, பரப்பையும் வயதையும் நிலைமையையும் பார்த்துத் தேய்மானம் கழிப்போம். நூறாண்டு கடந்த கட்டடத்தில் பெரும்பாலும் மிஞ்சுவது தேக்கின் விலையும் கல்தூணின் விலையும்தான். எந்தக் கதாநாயகன் எந்தத் தூணில் சாய்ந்து அழுதான் என்பது அந்தத் தூணின் கன அடியைக் கூட்டாது. வாங்க வருகிறவர் ரசிகராகவே இருந்தாலும் பத்திரப்பதிவு அலுவலகத்துக்குள் நுழையும்போது ரசிகராக இருப்பதில்லை.

வெளிநாட்டில் ஏறியிருக்கிறதே என்று கேட்பவர்களுக்காக அந்தக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். லாஸ் ஏஞ்சலஸின் ஸ்டூடியோ சிட்டியில், 1969 முதல் 1974 வரை ஓடிய ‘தி பிராடி பன்ச்’ தொடரில் வெளித்தோற்றத்துக்கு மட்டும் பயன்பட்ட வீடு 2018இல் விற்பனைக்கு வந்தது. கேட்ட விலை சுமார் 19 லட்சம் டாலர். ஒரு தொலைக்காட்சி நிறுவனம் போட்டியில் 35 லட்சம் டாலர் கொடுத்து வாங்கியது. எல்லோரும் இந்த இடத்தோடு கதையை நிறுத்திவிடுகிறார்கள். தொடரில் வந்த உள்ளறைகள் ஸ்டூடியோவில் போட்ட செட் என்பதால், அவற்றைப் போலவே வீட்டுக்குள் கட்டுவதற்கு அந்த நிறுவனம் மேற்கொண்டும் பெருந்தொகை செலவழித்தது. 2023இல் 55 லட்சம் கேட்டு, கடைசியில் 32 லட்சத்துக்கு விற்றது. உலகம் முழுவதும் அறிந்த வீடே வாங்கிய விலைக்குக் குறைவாகத்தான் போயிருக்கிறது. நம்மூர் வீட்டைச் சீரியலில் பார்த்தவர்களுக்கு அது எந்தத் தெருவில் இருக்கிறது என்றுகூடத் தெரியாது.

விலை ஏறாதது ஒருபுறம் இருக்கட்டும், இறங்குவதைக் கண்ணால் பார்க்கிறேன். அந்தப் பெரியவர் வீட்டு மொட்டைமாடியில் தட்டோடுகளின்மேல் மூன்று இடங்களில் கையகல அழுத்தத் தடங்கள் இருந்தன. கேமராவை உயரத் தூக்கும் ஜிம்மி ஜிப் கிரேனின் கால்கள் ஊன்றிய தடங்கள் அவை. கீழே இறங்கிப் பட்டாசாலையில் நின்று அண்ணாந்து பார்த்தால், அதே இடத்துக்கு நேர்கீழே, தேக்குக் கட்டையை ஒட்டியே மூன்றடி நீளத்துக்கு ஒரு விரிசல். ஒரு ரூபாய் நாணயத்தின் விளிம்பு அதில் நுழைந்தது. கட்டைகளின்மேல் செங்கலைச் சாய்வாக நிறுத்திச் சுண்ணாம்பில் பிடித்து, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் இடித்துப் போட்ட தளம் அது. நாலு பேர் கயிற்றுக்கட்டில் போட்டுப் படுத்தால் தாங்கும். எடைக்கட்டிகளோடு ஒரு கிரேன் மூன்று புள்ளிகளில் ஊன்றினால் எப்படித் தாங்கும்?

இதைவிட என்னை வருத்துவது, "ஆர்ட் டைரக்டர் ஆளுக வந்து சுவரெல்லாம் சும்மாவே பூசிக் கொடுத்துட்டாவ" என்று அவர் பெருமையாகச் சொன்னதுதான். சும்மா கொடுத்தது சிமெண்ட் பூச்சு, அதன்மேல் பழசுபோலத் தெரிவதற்கு எனாமல் சாயம். சுண்ணாம்புச் சுவர் தரையிலிருந்து ஏறும் ஈரத்தைத் தன் மேற்பரப்பு வழியாகவே வெளியே விடுகிறது. அந்த வழியை அடைத்துவிட்டால் ஈரமும் உப்பும் உள்ளேயே தங்கிச் செங்கலை அரிக்கத் தொடங்கும். விரல் முட்டியால் தட்டிப் பார்த்தேன், காலிப் பானைச் சத்தம் கேட்டது. இன்னும் இரண்டு மழைக்காலத்தில் அது பாளம் பாளமாக விழும். வீட்டைப் புதுப்பித்துக் கொடுத்தார்கள் என்று தயவுசெய்து இனி யாரும் என்னிடம் சொல்லாதீர்கள். அவர்கள் பூசியது கேமரா பார்க்கும் ஒரு வாரத்துக்காக.

‘ஹோம் அலோன்’ என்ற ஹாலிவுட் படத்துக்கு, சிகாகோ அருகே வின்னெட்கா என்ற ஊரில் இருக்கும் வீட்டை வெளியிலிருந்து எடுத்தவர்கள், உள்ளே நடக்கும் அடிதடிகளில் பெரும்பகுதியை ஒரு பள்ளிக்கூடத்து உடற்பயிற்சிக் கூடத்தில் செட் போட்டு எடுத்தார்கள். நம் பக்கம் முற்றமும் தூணும் உள்ளேதான் இருக்கின்றன, அவற்றுக்காகத்தான் வருகிறார்கள், ஆகவே அடிதடியும் மழை எஃபெக்டும் அங்கேயே நடக்கின்றன.

அடுத்து, பார்க்க வருகிறவர்கள். அமெரிக்காவின் ஆல்புகர்க்கி நகரில் ‘பிரேக்கிங் பேட்’ தொடரின் நாயகன் வீடாக வந்த வீட்டில் நிஜமாகவே ஒரு குடும்பம் குடியிருந்தது. தொடரில் அவன் பீட்சாவைக் கூரைமேல் வீசியதால் வந்தவர்களும் வீசினார்கள். தொடரை உருவாக்கியவரே வேண்டாம் என்று வேண்டிக்கொண்டும் முழுதாக அடங்கவில்லை. 2017இல் அந்தக் குடும்பம் வீட்டைச் சுற்றி இரும்பு வேலி போட்டது. தென்காசி அருகே சுந்தரபாண்டியபுரத்தில் ‘அந்நியன்’ பாடலுக்காக முகங்கள் வரைந்த பாறைகளைப் பார்க்க ஆட்கள் வருவது வேறு சங்கதி. பாறைக்குத் தூக்கம் கெடாது. பெரியவர் வீட்டிலோ, குற்றாலச் சாரலுக்கு வந்தவர்கள் திரும்பும் வழியில் திண்ணையில் ஏறி ரீல்ஸ் எடுக்கிறார்கள், அதில் இருவர் மாடி வரை ஏறியிருக்கிறார்கள்.

கொடுக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு வரும் வாடகை ஒரு வருடத்து ஓடு மாற்றும் செலவைத் தாங்கும். ஆனால் வாய்ப்பேச்சில் கொடுக்காதீர்கள். பூர்விக வீடென்றால் சென்னையிலும் மும்பையிலும் இருக்கும் பங்காளிகளின் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள். ஒருவர் கையெழுத்து எல்லோரையும் கட்டுப்படுத்தாது. ஆட்கள் உள்ளே வருவதற்கு முன் அறை அறையாகப் படம் எடுத்து, இரு தரப்பும் கையொப்பமிட்டு, முன்பணத்தைப் பிடித்து வையுங்கள். முடிந்தபின் அதே படங்களைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுங்கள். மாடியில் கிரேன் கூடாது, சுவரில் ஆணியும் சிமெண்டும் கூடாது, மின்சாரத்துக்கு அவர்களே ஜெனரேட்டர் கொண்டுவர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். ஊர்ப்பெயர் வேண்டுமானால் டைட்டிலில் நன்றியோடு போடட்டும். தெருவும் வீட்டு அடையாளமும் எந்தப் பேட்டியிலும் வரக்கூடாது என்பதையும் அதிலேயே சேருங்கள்.

ஏற்கெனவே கொடுத்து முடித்தவர்கள் ஐப்பசி அடைமழைக்கு முன் ஒரு நாள் மொட்டைமாடிக்கு ஏறுங்கள். மழைநீர் வடியும் தூம்பில் கைவிட்டுப் பாருங்கள். செட்டிலிருந்து உடைந்த பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் துண்டுகளை நானே இரண்டு வீடுகளில் வெளியே எடுத்திருக்கிறேன். பெரியவர் வீட்டுத் தூம்பில் கிடைத்தது தெர்மோகோலில் செய்த, தூண் உச்சியில் வைக்கும் ஒரு போதிகை. நான் விரிசலுக்காக மதிப்பில் கழித்திருந்த தொகையைப் படித்துவிட்டு, அந்தப் போதிகையை வெகுநேரம் கையில் வைத்துக்கொண்டிருந்தார்.