புல்மலையில் குழி தோண்டும் முன்

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜூன் மாதம், மேல் நீலகிரியில் ஒரு ஹட்டிக்கு, அதாவது படகர் ஊருக்கு, போயிருந்தேன். மலை ஓடைகளிலும் ஊற்றுகளிலும் நீரளவு எடுப்பது என் தொழில். ஊர் ஊற்று கோடையில் மெலிந்துபோகிறது, வந்து பார்த்துச் சொல்லுங்கள் என்று பெரியவர்கள் அழைத்திருந்தார்கள். நான் ஜீப்பை விட்டு இறங்கும்போது, ஊருக்கு மேலே இருந்த புல்சரிவில் கல்லூரி மாணவர்கள் முப்பது பேர் கடப்பாரையும் மண்வெட்டியுமாக நின்றிருந்தார்கள். வேனில் ஐந்நூறு மரக்கன்றுகள். நாற்பது குழிகள் அதற்குள் வெட்டியாகிவிட்டன. ஊற்று வற்றுகிறது என்று கேள்விப்பட்டு, மரம் நட்டால் நீர் பெருகும் என்று நம்பி, கைக்காசு போட்டுக் கன்று வாங்கி, விடியும் முன்பே மலையேறி வந்த பிள்ளைகள். பொறுப்பாக நின்ற பையன் என்னிடம் சொன்னான்: "சும்மா கிடக்கும் இடம்தானே சார்."

அவன் மீது எனக்குக் கோபம் வரவில்லை. மரம் வளர்ப்போம், மழை பெறுவோம் என்று பள்ளிச் சுவரில் எழுதி வைத்தவர்கள் நாம்தான். மரமில்லாத மலையைத் தரிசு என்று பதிவேட்டில் எழுதியவர்களும் நாம்தான். ஆனால் அந்தச் சரிவு சும்மா கிடக்கவில்லை. அது என்ன வேலை செய்துகொண்டிருந்தது என்பதை அன்று அவர்களுக்கு அரைமணி நேரம் சொன்னேன். அதையே இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் கல்லைப் பற்றி. நீலகிரி முழுவதும் பெரும்பாலும் சார்னோக்கைட் என்ற பாறை. சுமார் 250 கோடி ஆண்டு வயது. கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னோக்கின் கல்லறையில் இருப்பது இந்தக் கல்தான். அதனால் அந்தப் பெயர் வந்தது. சென்னைக்காரர்களுக்கு இது பல்லாவரத்துக் கல். உடைத்துப் பார்த்தால் கருநீலமாக, எண்ணெய் தடவியதுபோல் மினுங்கும். இந்தப் பாறைக்குள் துளை கிடையாது. வெடிப்பில் மட்டுமே நீர் நிற்கும். அப்படியானால் மழை நின்று மூன்று மாதம் கழித்தும் ஓடை எப்படி ஓடுகிறது? பாறையின் மேல் போர்த்தியிருக்கும் மண்தான் காரணம். லட்சக்கணக்கான ஆண்டுகளாக மழையிலும் வெயிலிலும் நைந்து, செம்மண்ணாகவும் உதிர்கல்லாகவும் மாறிய போர்வை அது. சில இடங்களில் பல மீட்டர் கனம். மழையை அது வாங்கி வைத்துக்கொண்டு, மெதுவாக, மாதக்கணக்கில், பள்ளத்தின் அடியில் விடுகிறது. மலையில் நீர்த்தொட்டி என்று ஒன்று இருக்குமானால் அது இந்தப் போர்வைதான். அதற்கு மேலே நிற்பது புல்லா மரமா என்பதைப் பொறுத்துத்தான் தொட்டியில் எவ்வளவு மிஞ்சும் என்பது முடிவாகிறது.

மாணவர்கள் வெட்டிய ஒரு குழியிலிருந்து புல்கட்டி ஒன்றை எடுத்து அந்தப் பையன் கையில் கொடுத்தேன். ஒரு சாண் கனம்கூட இல்லை. வேர்கள் பஞ்சு போல் பின்னிக் கிடந்தன. முந்தின நாள் பெய்த மழை அதில் இன்னும் கனத்தது. பிழியச் சொன்னேன். முழங்கை வழியாக நீர் வழிந்தது. குழியின் அடியில் இருந்த செம்மண்ணில் புல்வேர் அநேகமாக இல்லை. அதாவது, இந்தப் புல் தனக்கு வேண்டியதை மேல்மண்ணிலேயே எடுத்துக்கொள்கிறது. அடியில் இறங்கிய நீரைத் தொடுவதில்லை. ஜனவரியில் உறைபனி கொட்டும்போது கருகிப் படுத்துவிடுகிறது. படுத்த புல் நீர் குடிக்காது.

கற்பூர மரம் அப்படி அல்ல. சமவெளியில் தைலமரம் என்கிறோமே, அதைப் போல இதுவும் யூகலிப்டஸ் வகைதான். அதன் வேர் ஆழம் போகும், ஆண்டு முழுவதும் இலை பச்சையாக நிற்கும், பன்னிரண்டு மாதமும் நீரை உறிஞ்சி ஆவியாக விடும். வாட்டில் என்று ஆங்கிலத்தில் சொல்லும் சீகை மரமும் அதே வழிதான்.

இதை நான் ஊகமாகச் சொல்லவில்லை. பைக்காரா பக்கத்தில் கிளென்மார்கன் என்ற இடத்தில் இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். உதகமண்டலத்தில் உள்ள மத்திய மண் மற்றும் நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையம் செய்த ஆய்வு அது. நம் நாட்டு நீரியலில் அதைவிடப் பொறுமையாகச் செய்த ஆய்வுகள் சிலவே இருக்கும். அடுத்தடுத்து இருக்கும் இரண்டு புல்வெளிப் பள்ளங்களை எடுத்துக்கொண்டார்கள். தலா சுமார் 32 ஹெக்டேர். இரண்டின் வாயிலும் சிறு தடுப்புச்சுவர் கட்டி, அதில் நீர் வழியும் வெட்டில் நாள்தோறும் உயரத்தைக் குறித்தார்கள். 1968 முதல் சில ஆண்டுகள் எதையும் மாற்றாமல் அளந்துகொண்டே இருந்தார்கள். இந்தப் பள்ளத்தில் இவ்வளவு ஓடினால் அந்தப் பள்ளத்தில் எவ்வளவு ஓடும் என்ற உறவு பிடிபட்ட பிறகு, 1972இல் ஒரு பள்ளத்தில் மட்டும் பாதிக்குச் சற்று அதிகமான பரப்பில் கற்பூர மரம் நட்டார்கள். மற்றது புல்லாகவே இருந்தது.

முதல் பத்தாண்டுகளில், மரம் நட்ட பள்ளத்தில் ஆண்டு நீரோட்டம் சராசரியாக 16 சதவீதம் குறைந்தது. மழைக்கணக்கில் சொன்னால் 87 மில்லிமீட்டர். 32 ஹெக்டேருக்கு நான் பெருக்கிப் பார்த்தேன்: ஆண்டுக்கு ஏறத்தாழ 2 கோடியே 78 லட்சம் லிட்டர், ஒரே ஒரு சிறு பள்ளத்தில். மரத்தை வெட்டிய பின் அடிக்கட்டையிலிருந்து துளிர்த்த இரண்டாம் சுற்றில், வேர் ஏற்கெனவே ஆழத்தில் இருந்ததால், குறைவு 25.4 சதவீதமாக ஏறியது. என்னை உலுக்கிய எண் இது அல்ல. ஆண்டிலேயே மிக வறண்ட நாட்களில் ஓடையில் ஓடும் நீருக்குத் தனியாக ஒரு கணக்கு உண்டு. அது முதல் சுற்றில் பாதியானது. இரண்டாம் சுற்றில் 3.75இல் ஒரு பங்காகச் சுருங்கியது. ஆகஸ்ட் மாதத்தில் கொஞ்சம் குறைந்தால் யாருக்கும் தெரியாது. ஏப்ரலில் குறைந்தால் ஊருக்கே தெரியும்.

அந்த ஹட்டியின் ஊற்றில் பிறகு நான் தொடர்ந்து அளந்தேன். அதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். பத்து லிட்டர் வாளி, கைப்பேசியில் நொடி எண்ணும் வசதி, அவ்வளவுதான். பிப்ரவரியில் வாளி நிரம்ப நாற்பது நொடி. ஏப்ரல் கடைசியில் இரண்டு நிமிடம் பத்து நொடி. குடத்தோடு வரிசையில் நிற்கும் பெண்களுக்கு அந்த ஒன்றரை நிமிட வித்தியாசம் ஒரு பொழுதையே தின்றுவிடுகிறது. சரிவின் மேல்பாதி இப்போது சீகைக் காடு. "நான் சிறுவனாக எருமை மேய்த்தபோது உச்சி வரை புல்தான் சார்" என்றார் ஊர்ப் பெரியவர் ஒருவர். சீகை ஒன்றே காரணம் என்று நான் முத்திரை குத்த மாட்டேன். கீழே புதிதாக இரண்டு ஆழ்துளைக் கிணறுகளும் வந்திருக்கின்றன. ஆனால் மேலே எஞ்சியிருக்கும் பாதிப் புல்லையும் மரமாக்கினால் ஊற்று என்ன ஆகும் என்பதற்குக் கிளென்மார்கன் பதில் சொல்லிவிட்டது.

மலையில் சேமித்த நீர் எங்கே போகிறது என்று பாருங்கள். பைக்காரா ஆறு வடக்கே இறங்கி மாயாறாகிறது. மாயாறு பவானிசாகரில் பவானியோடு சேர்கிறது. அங்கிருந்து கீழ்பவானி வாய்க்காலில் மட்டும் இரண்டு லட்சத்துச் சொச்சம் ஏக்கர் பாய்கிறது. கோபியிலோ பெருந்துறையிலோ வயல் வைத்திருப்பவர்களுக்கும் இந்தப் புல்லில் பங்கு உண்டு.

வழியில் சீகூர் பீடபூமி இருக்கிறது. மலைக்கு வடக்கே மழை மறைவில் கிடக்கும் முட்காடு. பிப்ரவரி முதல் மே வரை அங்கே குட்டைகள் காய்ந்துவிடும். அப்போது யானை, காட்டெருது, புள்ளிமான் எல்லாவற்றுக்கும் மாயாறும் மேலிருந்து இறங்கும் ஓடைகளும்தான் கதி. ஒரு யானை ஒரு நாளைக்கு நூறு லிட்டருக்கு மேல் குடிக்கும். அந்த ஓடைக்கரைகளில் நீர்மருது மரங்கள் வானளாவ நிற்கின்றன. அவற்றின் உச்சியில்தான் வெண்முதுகுப் பாறு கழுகுகள் கூடு கட்டுகின்றன. மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் மருந்தால் நாடு முழுவதும் செத்து மடிந்த இனம் அது. 2006இல் அந்த மருந்தைக் கால்நடைகளுக்குத் தரத் தடை வந்தது. தமிழகத்தில் பாறுகள் தங்கிப் பிழைத்திருப்பது இந்தப் பள்ளத்தாக்கில்தான். ஓடை வற்றினால் நீர்மருதுக்கும் கேடுதான். இரண்டாயிரம் மீட்டர் உயரத்துப் புல்லும், ஆயிரம் மீட்டருக்குக் கீழே ஒரு கழுகுக் கூடும் ஒரே நீரில் கட்டுண்டு கிடக்கின்றன. எத்தனை முறை அந்த வழியில் நடந்தாலும் எனக்கு இது வியப்பாகவே இருக்கிறது.

"ஆதியில் எல்லாம் காடாக இருந்திருக்கும், மனிதன் அழித்துத்தானே புல்லானது?" என்று அன்று ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. அறிஞர்களும் நெடுங்காலம் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். விடை பள்ளத்தின் அடியில் இருந்தது. புல்சரிவு முடியும் இடத்தில் சதுப்பு இருக்கும். கால் வைத்தால் நிலம் மெத்தை போல் அமுங்கும். இரும்புத் துளைப்பானை இறக்கித் திருகி எடுத்தால் கன்னங்கரேலென்று மட்கிய கரி மண் வரும். நகக்கண்ணில் ஏறிய கறுப்பு இரண்டு நாள் போகாது. மேலே செத்த புல்லும் இலையும் முழுதாக அழுகாமல் அடுக்கடுக்காகச் சேர்ந்தது அது. வெப்பநாட்டுப் புல்லில் பெரும்பகுதி கார்பனைக் கட்டும் முறை வேறு, மரம் கட்டும் முறை வேறு. அந்த வேறுபாடு கரியில் அழியாமல் நிற்கும். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் யானை ஆய்வாளர் ஆர். சுகுமாரும் உடன் ஆய்வாளர்களும் நீலகிரிச் சதுப்புகளின் அடுக்குகளைப் படித்து, 1993இல் நேச்சர் இதழில் முடிவை வெளியிட்டார்கள். கடைசிப் பனியுகம் உச்சத்தில் இருந்த காலத்திலேயே, இன்றைக்குப் பதினெட்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, இங்கே புல் ஓங்கியிருந்தது. மழை கூடிய காலத்தில் மரம் ஏறியது, குறைந்தபோது புல் இறங்கிவந்தது. ஆக, இது அழிந்த காடு இல்லை. பழமையான புல்வெளி.

சோலைக்காடு இந்த மலைக்கு உரியதுதான். ஆனால் அது மலை மடிப்புகளில், காற்றும் பனியும் குறைந்த பள்ளங்களில் நிற்கும். திறந்த சரிவில் சோலைக்கன்று முளைத்தால் உறைபனி கருக்கிவிடும். வேனில் வந்த ஐந்நூறில் பெரும்பாலானவை புங்கனும் வேம்பும். சமவெளி நாற்றங்காலில் வாங்கியவை. முதல் ஜனவரியையே தாண்டியிருக்காது.

புல்லையே நம்பி வாழும் உயிர்களும் உண்டு. நம் மாநில விலங்கான வரையாடு மேய்வது இந்தப் புல்லில். 2024இல் ஒரே நேரத்தில் தமிழகம் முழுவதும் எடுத்த கணக்கெடுப்பில் 1,031. அடுத்த ஆண்டு 1,303. நீலகிரி நெட்டைக்காலி என்ற சிறு பறவைக்கு மேற்குத் தொடர்ச்சி மலையின் உயரப் புல்வெளியைத் தவிர உலகில் வேறு வீடு இல்லை. தோடர்கள் தங்கள் கோயில்களுக்குக் கூரை வேய்வது சதுப்போரம் வளரும் புல்லைக் கொண்டு. அந்தப் புல்லைத் தேடி அவர்கள் இப்போது வெகுதூரம் நடக்கிறார்கள். பழனி மலையில் 1973க்கும் 2014க்கும் இடையில் மூன்றில் இரண்டு பங்குப் புல்வெளி மறைந்துவிட்டது என்கின்றன செயற்கைக்கோள் படங்கள். அங்கே பெரும்பாலும் தீயோ ஆக்கிரமிப்போ அல்ல, மரம்தான் மூடியது. விறகுக்கும், தோல் பதனிடும் பட்டைக்கும், மரக்கூழுக்கும் என்று நட்டவை ஊரெல்லாம் பரவின.

அப்படியானால் எல்லாவற்றையும் வெட்டிச் சாய்த்துவிடலாமா? அதிலும் எனக்கு அவசரம் கிடையாது. சீகை விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உறங்கும். வெட்டினாலோ எரித்தாலோ மண்ணைக் கிளறினாலோ வெளிச்சம் கண்டு ஆயிரக்கணக்கில் முளைக்கும். ஒருமுறை வெட்டிப் படமெடுத்துக்கொண்டு போனால் இரண்டு ஆண்டில் முன்பைவிட அடர்ந்த புதர் நிற்கும். வெட்டிய இடத்துக்கு ஆண்டுதோறும் திரும்பிவந்து நாற்றைப் பிடுங்க ஆள் இருந்தால் மட்டும் கை வைக்க வேண்டும். பழைய சீகைத் தோப்பின் நிழலில் சில இடங்களில் சோலைக்கன்றுகள் தாமாக எழுந்து வருகின்றன. அங்கே வெட்டாமல் விடுவதே நல்லது என்பது என் எண்ணம். தமிழக அரசு 2022இல் அந்நியக் களைத் தாவரங்களுக்கென்றே ஒரு கொள்கை வெளியிட்டிருக்கிறது. பணி நடக்கிறது. அது ஓட்டப்பந்தயம் போல் நடக்க வேண்டாம்.

இப்போது ஒரு வேண்டுகோள். மலைப்பாதையில் காரை நிறுத்தி விதைப்பந்து வீசாதீர்கள். மரம் இல்லாத சரிவைப் பார்த்தால் முதலில் குனிந்து பாருங்கள். கையகல இடத்தில் எத்தனை வகைப் புல், எத்தனை சிறு பூச்செடி என்று எண்ணுங்கள். பள்ளத்தில் சதுப்பு இருக்கிறதா, அதிலிருந்து ஓடை கிளம்புகிறதா என்று பாருங்கள். ஊர்ப் பெரியவரிடம் முன்பு இங்கே என்ன இருந்தது என்று கேளுங்கள். மரம் நட்டே ஆக வேண்டுமென்றால் இடத்துக்குப் பஞ்சமில்லை: சிதைந்த சோலையின் ஓரம், தேயிலைத் தோட்டத்து ஓடைக்கரை, சமவெளியில் உங்கள் ஊர் ஏரிக்கரை.

அன்று மாணவர்கள் நடவில்லை. கன்றுகளை மேட்டுப்பாளையம் பக்கம் ஒரு பள்ளிக்குக் கொண்டுபோனார்கள். போகும் முன் நாற்பது குழிகளையும் அவர்களே மூடினார்கள். செம்மண்ணைத் தள்ளி, வெட்டிய புல்கட்டியைப் புரட்டாமல் மேலே வைத்து, காலால் மிதித்து அமுக்கினோம். மறு வருடம் ஜூலையில் அளவெடுக்கப் போனபோது அந்தச் சரிவில் ஏறினேன். அதே பையன் உடன் வந்திருந்தான். முப்பத்தொரு குழிகள் இருந்த இடமே தெரியவில்லை, புல் மூடிவிட்டது. ஒன்பதில், கிளறிய மண்ணின் விளிம்பில், விரல் உயரத்துக்குச் சீகை நாற்றுகள் நின்றன. அவன் மண்டியிட்டு ஒவ்வொன்றையும் வேரோடு பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டான்.