சொல் விளக்கம்: தர்பியத்

கோவை கோட்டைமேட்டிலோ, கரூர் மாவட்டத்துப் பள்ளப்பட்டியிலோ பிள்ளையை இசுலாமியப் பள்ளியில் சேர்க்க எண்ணும் பெற்றோர், அங்கே தஃலீம் எப்படி, தர்பியத் எப்படி என்று இரண்டையும் சேர்த்தே விசாரிப்பார்கள். தஃலீம் என்பதில் சிக்கல் இல்லை. அறிவைக் குறிக்கும் 'இல்மு' பிறந்த வேரிலிருந்தே வந்த அச்சொல்லுக்குக் கற்பித்தல் என்பது பொருள். தர்பியத்தைத்தான் 'ஒழுக்கப் பயிற்சி' என்று சுருக்கிவிடுகிறோம். அந்தப் பெயர்ப்பு பொருந்தாது என்பது என் உறுதியான கருத்து.

அரபியில் இச்சொல் 'தர்பியா'. பாரசீகம், உருது வழியாக வந்த வடிவம் 'தர்பியத்'. ஷரீஅத் (மார்க்கச் சட்டம்), தரீக்கத் (சூஃபி நெறி) ஆகிய சொற்களின் இறுதித் தகரமும் இப்படி வந்ததே. கொங்கு நாட்டில் தமிழ் பேசும் ராவுத்தர் குடும்பங்களும் உருது பேசும் குடும்பங்களும் அருகருகே வாழ்வதால் இரு வடிவங்களும் காதில் விழுகின்றன.

இதன் வேர் ரா, பா, வாவ் என்னும் மூன்று எழுத்துகள். பெருகுதல், வளர்தல் என்பது அடிப்படைப் பொருள். முதலுக்கு மேல் பெருகும் வட்டியைக் குறிக்கும் 'ரிபா'வும் இவ்வேரில் பிறந்ததே. வறண்ட நிலத்தின்மீது மழை இறங்கியதும் அது அசைந்து பொருமுவதைச் சொல்லும் குர்ஆன் வசனத்தில் (22:5) இதே வேரின் வினை வருகிறது. முதல் மழைக்குப் பின் மேட்டாங்காட்டு மண்ணைப் பார்த்தவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

'ரபா' என்றால் வளர்ந்தது. நடு எழுத்தை இரட்டித்து 'ரப்பா' என்றால் வளர்த்தார். தன்வினை பிறவினையாகும் இம்முறையில் அமைந்த தொழிற்பெயரே தர்பியா. தமிழிலும் 'வளர்ந்தான்' என்பதன் மெல்லினம் வல்லினமாகி 'வளர்த்தான்' என்று பிறவினை ஆகிறது. பொருளில் மட்டுமின்றிச் சொல்லமைப்பிலும் இவ்வளவு நெருங்கிய இணை நம்மிடம் இருக்கும்போது வேறு சொல்லைத் தேட வேண்டிய தேவையில்லை. பெற்றோருக்காகப் பிள்ளை இறைஞ்சும் வசனத்தில் (17:24), சிறு வயதில் அவர்கள் என்னை வளர்த்தது போல அவர்களுக்கு அருள்புரிவாயாக என்ற இடத்தில் இருப்பதும் இந்த வினைதான். அங்கே 'ஒழுக்கப் பயிற்சி அளித்தது போல' என்று எழுத யாருக்கும் மனம் வராது.

அகராதி அறிஞர் ராகிப் அல்இஸ்ஃபஹானீ, ஒன்றை நிலை நிலையாக உருவாக்கி அதன் நிறைவு வரை கொண்டு செல்வது தர்பியா என்று விளக்கினார். ஒழுக்கப் பயிற்சி என்றால் கால அட்டவணையில் கணக்குக்கும் அறிவியலுக்கும் பிறகு வரும் ஒரு பாடவேளையாக அது சுருங்கிவிடும். தர்பியா அந்தக் கணக்கு வகுப்புக்குள்ளேயே நடப்பது. தவறாகப் போட்ட கணக்கை மறைக்காமல் காட்டும் துணிவும், அதைத் திருத்தித் தரும் ஆசிரியரின் பொறுமையும் அதில் அடங்கும். சுபுஹு என்னும் அதிகாலைத் தொழுகைக்குப் பின் குர்ஆன் ஓதப் போகும் பிள்ளைக்கு எழுத்தைத் திருத்தமாக உச்சரிக்கக் கற்றுக்கொடுக்கும் அஜரத்து (மார்க்க ஆசிரியர்), பெரியவர் வந்தால் ஸலாம் சொல்வதையும் சேர்த்தே பழக்குகிறார்.

1977இல் மக்காவில் கூடிய முதல் உலக முஸ்லிம் கல்வி மாநாட்டில் மலேசிய அறிஞர் சையிது முகம்மது நகீப் அல்அத்தாஸ், தர்பியாவைவிடத் 'தஃதீப்' என்பதே கல்விக்குப் பொருத்தமான சொல் என்று வாதிட்டார். நம் வீடுகளில் 'அதபா இரு' (மரியாதையாக இரு) என்று பெரியவர்கள் சொல்லும் 'அதபு' என்ற சொல்லிலிருந்து வந்தது அது. வளர்தல் பயிருக்கும் விலங்குக்கும் பொது, அதபு மனிதருக்கே உரியது என்ற அவர் வாதம் வலுவானது. தஃதீபுக்குப் 'பண்படுத்துதல்' என்ற சொல்லை ஒதுக்கி வைக்கலாம்.

தர்பியத்துக்கு 'வளர்ப்பு' என்பதே நேர்ச்சொல். 'வளர்ப்பு மகன்' என்னும் வழக்கால் வேறு பொருள் தோன்றும் என்று அஞ்சுவோர், பள்ளி அறிக்கைகளில் 'கற்பித்தலும் வளர்த்தெடுத்தலும்' என்று எழுதலாம்.