கனடா எஞ்சினின் வலு சில்லுக்கு எப்படிப் போகிறது?

கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா அன்பளிப்பாகத் தந்த முதல் எம்2 வகை டீசல் ரயில் எஞ்சின்கள் 1954இல் இலங்கைக்கு வந்தன. ஒன்ராறியோ மாகாணத்து லண்டன் நகரில், ஜெனரல் மோட்டோர்ஸ் தொழிற்சாலையில் கட்டப்பட்டவை. 569ஆம் இலக்க எஞ்சினின் பெயர் ஒன்ராறியோ. அதன்பின் அல்பேர்ட்டா, சஸ்காச்சுவான், மானிற்றோபா என்று வேறு மாகாணப் பெயர்களும் வந்தன. யாழ்ப்பாணத்தார் ரொறொன்ரோவில் வீடு வாங்கத் தொடங்குவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே ஒன்ராறியோ என்ற பெயரைத் தண்டவாளத்தில் பார்த்தவர்கள் நம்மிடையே இருந்தார்கள். 1956இல் தொடங்கிய யாழ்தேவி ரயிலையும் இந்த வகை எஞ்சின்களே இழுத்தன. எழுபது ஆண்டுகள் கடந்த பின்னும் இவற்றில் சில பயணிகள் வண்டிகளையும் சரக்குப் பெட்டிகளையும் இழுக்கின்றன. எந்த இயந்திரத்துக்கும் இது பெரிய ஆயுள். இது தற்செயலாகக் கிடைத்ததல்ல. எஞ்சினை வகுத்த முறையிலேயே அதற்கான காரணம் இருக்கிறது.

லொறியில் டீசல் எஞ்சினின் சுழற்சி கிளச், கியர்பெட்டி வழியாகச் சில்லுக்குப் போகிறது. ஆயிரம் தொன் சரக்கை அப்படி இழுக்கப் பார்த்தால் கிளச் எரிந்துவிடும். எனவே எம்2இல் டீசல் எஞ்சினுக்கும் சில்லுக்கும் இடையே நேரடித் தொடுப்பே கிடையாது. எஞ்சின் ஒரு மின்பிறப்பாக்கியைச் சுழற்றும். அதில் பிறக்கும் மின்னோட்டம் கேபிள் வழியே கீழே போய், அச்சுகளோடு பல்சக்கரத்தால் பொருத்திய நான்கு மோட்டார்களை ஓட்டும். காலையில் எஞ்சினை எழுப்புவதும் இதே மின்பிறப்பாக்கிதான். பற்றரியிலிருந்து அதற்கு மின் கொடுத்தால் அது மோட்டாராக மாறி டீசலைச் சுழற்றிவிடும்.

அந்த நான்கும் தொடர்ச்சுற்று நேரோட்ட மோட்டார்கள். இந்த எஞ்சினில் எனக்கு மிகப் பிடித்த பகுதி இதுதான். மோட்டார் சுழலும்போது தனக்குள்ளேயே ஓர் எதிர் மின்னழுத்தத்தை உண்டாக்கும். உள்ளே வரும் மின்னோட்டத்தை அது தடுக்கும். வண்டி நிற்கும்போது சுழற்சி இல்லை, எதிர்ப்பும் இல்லை. ஆகவே மின்னோட்டம் பெருமளவில் பாயும். காந்தப்புலத்தை உண்டாக்கும் புலச்சுருளிலும் சுழலும் பகுதியான சுழலியிலும் ஓடுவது அதே மின்னோட்டம் என்பதால், அது இரண்டு மடங்கானால் சுழற்றும் விசை ஏறத்தாழ நான்கு மடங்காகும். வேகம் கூடக் கூட மின்னோட்டம் தானாகவே குறையும், விசையும் தளரும். புறப்படும்போது பெரிய விசை, ஓடும்போது சிறிய விசை: ஒரு வண்டிக்கு வேண்டியது அச்சொட்டாக இதுதான். கணினியோ உணரியோ இல்லாமல், செம்புச் சுருளைச் சுற்றிய விதத்தாலேயே இது கிடைக்கிறது.

ஓட்டுநரின் கைப்பிடியில் எட்டுப் படிகள். ஒவ்வொரு படியும் டீசல் எஞ்சினுக்கு ஒரு சுழற்சி வேகத்தைச் சொல்லும். அந்த வேகத்தைக் காக்க கவர்னர் என்ற வேகக் கட்டுப்பாட்டுக் கருவி எரிபொருளைக் கூட்டிக் குறைக்கும். பாரம் அளவுக்கு மீறினால் அதே கவர்னர் மின்பிறப்பாக்கியின் காந்தப்புலத்தைத் தளர்த்திவிடும். அதனால் எஞ்சின் திணறி நிற்பதில்லை. தொடக்கத்தில் மோட்டார்கள் சோடி சோடியாகத் தொடரிணைப்பில் இருக்கும். வேகம் ஏறியதும் அவை சமாந்தர இணைப்புக்கு மாறும். அந்த நொடியில் இழுவை சற்றே தளர்ந்து திரும்பப் பிடிப்பதைக் கூர்ந்து கவனித்தால் உணரலாம்.

இனி வலு. எம்2இன் டீசல் 1425 பரிவலு (குதிரைவலு) கொண்டது. இன்று ஓடும் பெரிய எஞ்சின்களோடு ஒப்பிட்டால் குறைவுதான். ஆனால் புறப்படும் நேரத்தில் எல்லை கட்டுவது பரிவலு அல்ல, சில்லுக்கும் தண்டவாளத்துக்கும் இடையிலுள்ள பிடி. எஞ்சினின் எடை ஏறத்தாழ 80 தொன். முதலில் வந்தவற்றுக்கு ஆறு அச்சுகள். அச்சுகளைத் தாங்கும் சட்டமான ஒவ்வொரு போகியிலும் நடு அச்சுக்கு மோட்டார் இல்லை, அது பாரத்தை மட்டும் தாங்கும். ஆகவே மோட்டார் உள்ள சில்லுகளின் மேல் விழுவது எடையில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு. உலர்ந்த உருக்கில் அதன் காற்பங்கைத்தான் இழுவிசையாக மாற்றலாம், அதாவது சுமார் 13 தொன். அதற்கு மேல் முறுக்கினால் சில்லு நின்ற இடத்திலேயே சுழலும். காலைப் பனியில் தண்டவாளம் ஈரமாக இருந்தால் பிடி இன்னும் குறையும். சில்லுக்கு முன்னால் வளைந்து இறங்கும் சிறிய குழாயைப் பார்த்திருப்பீர்கள். அமுக்கிய காற்றால் அதன் வழியே மணலைத் தூவி, இழந்த பிடியை மீட்பார்கள். மணிக்கு 20 முதல் 25 கிலோமீற்றர் வரை பிடிதான் தடை. அந்த வேகத்தைத் தாண்டிய பிறகே பரிவலு போதாமல் வரும்.

உருக்குச் சில்லு உருக்குத் தண்டவாளத்தில் ஓடும்போது, சமதரையில் ஒரு தொன்னை நகர்த்த இரண்டு மூன்று கிலோ விசை போதும். புறப்படும்போது சற்றுக் கூட வேண்டும். அப்படியானால் 1000 தொன் வண்டியை ஓட வைக்கத் தேவைப்படுவது சுமார் 3 தொன் விசை. கையில் இருப்பதோ 13. இதே வண்டியைக் கடுகண்ணாவ ஏற்றத்தில் விட்டுப் பாருங்கள். அங்கே 44 அடிக்கு ஓர் அடி உயரம். புவியீர்ப்பை வெல்ல மட்டும் சுமார் 23 தொன் வேண்டும். தனி எம்2 அங்கே தோற்றுவிடும். ஆனையிறவிலிருந்து காங்கேசன்துறை வரை நம் தரை மேசை போலக் கிடப்பதால், வடபகுதிப் பாதை பழைய எஞ்சினுக்கென்றே போட்டது போன்றது. 1990க்கு முன் காங்கேசன்துறைச் சீமெந்து இந்தப் பாதையால்தான் தெற்கே போனது. தலா 10 தொன் ஏற்றிய நூறு லொறிகளின் சுமையை ஒற்றை எஞ்சின் இழுக்கக்கூடிய பாதை நம் வாசலில் கிடக்கும்போது, சரக்கெல்லாம் ஏ9 வீதியால் போவது எனக்குப் பெரிய மனக்குறை.

சத்தத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. எம்2இல் இருப்பது 567 வரிசையைச் சேர்ந்த 12 சிலிண்டர் எஞ்சின். ஒவ்வொரு சிலிண்டரும் 567 கன அங்குலம். வரிசையின் பெயர் அதிலிருந்தே வந்தது. இது இரண்டடிப்பு எஞ்சின், ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு சிலிண்டரும் வெடிக்கும். பிஸ்டன் கீழே இறங்கியதும் சிலிண்டர்ச் சுவரிலுள்ள துளைகள் திறக்கும். ஊதுகருவி தள்ளும் புதிய காற்று அவற்றால் புகுந்து, மேலேயுள்ள நான்கு வால்வுகள் வழியே பழைய புகையை வெளியேற்றும். சும்மா நிற்கும்போது நிமிடத்துக்கு 275 சுற்று என்றால் விநாடிக்கு 55 வெடிப்பு; எட்டாம் படியில் 835 சுற்று, விநாடிக்கு 167. பெட்டிகளை இழுத்துக்கொண்டு ஸ்ரேசனை விட்டுப் புறப்படும்போது அந்தத் தனித்தனி அடிகள் ஒன்றோடொன்று உருகி ஒரே நீண்ட முழக்கமாக மாறுவதைக் கேட்க எத்தனை நேரமும் காத்து நிற்பேன்.

1975இல் மொன்றியலிலிருந்து வந்த எம்4இன் குணம் வேறு. 1750 பரிவலு கொண்ட அல்கோ 251 எஞ்சின், நான்கடிப்பு. அதற்குக் காற்றை ஊட்டுவது புகையின் விசையால் சுழலும் டேர்போ. படியை ஏற்றியதும் எரிபொருள் உடனே கூடும், டேர்போ வேகம் பிடிக்கச் சில விநாடிகள் ஆகும். அந்த இடைவெளியில் முழுதாக எரியாத டீசல்தான் கரும்புகையாக எழுவது.

ஆயுளுக்கு வருவோம். 2004 டிசம்பர் 26 அன்று பெரலியவில் ஆழிப்பேரலை அள்ளிய வண்டியை இழுத்துச் சென்றது 591ஆம் இலக்க மானிற்றோபா. அந்த எஞ்சினை மீட்டுத் திருத்தித் திரும்ப ஓட வைத்தார்கள். உப்புநீர் புகுந்த மோட்டாரைக் கழற்றிச் சுருளை மாற்றலாம். போகியைத் தனியே எடுக்கலாம். டீசலும் அப்படியே. சிலிண்டர்த் தலை, உள்ளுறை, பிஸ்டன், இணைப்புத்தண்டு நான்கும் ஒரே தொகுதியாக மேலே தூக்கி எடுக்கக்கூடியவை. ஒரு சிலிண்டர் பழுதானால் முழு எஞ்சினையும் இறக்கத் தேவையில்லை. அந்தத் தொகுதியை மட்டும் மாற்றினால் மற்றப் பதினொன்றும் கை படாமல் இருக்கும். பின்னாளில் ஜெனரல் மோட்டோர்ஸ் 645 வரிசையைக் கொண்டுவந்தபோது, 567 வரிசையின் சி வகை உடற்பகுதியிலும் அதன் தொகுதிகள் பொருந்தும்படியே செய்தது. நம் எம்6, எம்7 எஞ்சின்களில் இருப்பது அந்த 645 வரிசைதான். ஆகவே ஐம்பதுகளில் கட்டிய உடலுக்குள் அதற்குப் பிந்திய தலைமுறையின் பிஸ்டனைப் போட்டு ஓட்டலாம்.